தாடையில் சிவப்பு, மூச்சில் சத்தம்

ப்ரோப்ரனலால் மாத்திரை நம் ஊரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். படபடப்பு, கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி, தைராய்டு கூடிப்போய் நெஞ்சு அடித்துக்கொள்வது என்று பெரியவர்களுக்குப் பல காரணங்களுக்காக எழுதிக் கொடுக்கிறார்கள். விலை மிகக் குறைவு. மூச்சுக்குழாய்க்குள் ரத்தநாளக் கட்டி வளர்ந்து மூச்சுக்குத் தவிக்கிற இரண்டு மாதக் குழந்தைக்கும் இன்று முதலில் கொடுக்கப்படுவது இந்த மருந்துதான். 2008ஆம் ஆண்டுக்கு முன்பு, இப்படிப்பட்ட குழந்தைகளில் பலருக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, கட்டி தானாகச் சுருங்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நான் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்தைக் கையில் கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற வேலை. அந்தக் கவுண்டரில் நின்று பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் கட்டி இருப்பதை நேரத்தோடு கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது. கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்த பிறகோ, குழந்தையின் பாதுகாப்பு பெருமளவுக்கு வீட்டில் பால் கொடுக்கிறவர் கைக்குப் போய்விடுகிறது. அந்த வீட்டுக்காரர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டியைப் பற்றி. ஹீமாஞ்சியோமா என்று மருத்துவர்கள் சொல்வது கைக்குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் கட்டி. 100 குழந்தைகளில் 4, 5 பேருக்கு இருக்கும். பெண் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்து பிறந்தவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாக வரும். இது புற்றுநோய் கிடையாது. ரத்தநாளங்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் உண்டாகிறது. பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்கு வெளிறிய திட்டோ மெல்லிய சிவப்புக் கோடுகளோ இருக்கும். சில வாரங்களில் சிவந்து மேலெழும்பும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை வளர்ச்சி மிக வேகமாக இருக்கும். ஐந்து மாதத்துக்குள் வளர வேண்டியதில் பெரும்பகுதி வளர்ந்து முடிந்துவிடும். ஒரு வயதை ஒட்டி வற்றத் தொடங்கி, மெல்ல மெல்லச் சில ஆண்டுகளில் அடங்கும்.

முதுகிலோ தொடையிலோ சிறிதாக இருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வீட்டில் பெரியவர்கள் பெற்றவளைப் பார்த்து, கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு எங்கள் கவுண்டருக்கு வரும் அம்மாக்களிடம் நான் ஒன்றைத் தவறாமல் சொல்வேன்: நீங்கள் எதையோ செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ இது வரவில்லை.

இதே கட்டி குரல் நாண்களுக்குக் கீழே வளர்ந்தால் நிலைமை வேறு. குழந்தையின் மூச்சுப் பாதையிலேயே மிகக் குறுகலான இடம் அது. கிரிகாய்டு என்ற குருத்தெலும்பு அதைச் சுற்றி முழு வளையமாக இருப்பதால், உள்ளே எது வளர்ந்தாலும் வெளிப்பக்கம் விரிய வழியில்லை. பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தின் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். சுற்றிலும் வெறும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் பாதியாகிவிடும், காற்று போகும் பரப்பு கால்வாசியாகிவிடும். காற்றுக்கு ஏற்படும் தடை, குழாய்க் கணக்குப்படி, 16 மடங்கு. பெரியவர்களுக்குத் தொண்டைக் கரகரப்போடு போய்விடுகிற வீக்கம், கைக்குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை ஆவது இதனால்தான்.

இது எப்படி வெளியே தெரியும்? பிறந்து முதல் சில வாரங்கள் குழந்தை நன்றாகவே இருக்கும். பிறகு, பெரும்பாலும் ஆறு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் இடையில், மூச்சில் ஒரு சத்தம் தொடங்கும். மூச்சை இழுக்கும்போது மட்டும் வந்த சத்தம், கட்டி வளர வளர, விடும்போதும் வரும். ஸ்ட்ரைடர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நாய் குரைப்பது போன்ற இருமல் சேரலாம். அழும்போதும் பால் குடிக்கும்போதும் அதிகமாகும். விலா இடுக்கும் கழுத்துக் குழியும் உள்ளே இழுபடும். பால் குடிக்கையில் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கும், எடை ஏறாது.

வீட்டில் இதைச் சளி என்பார்கள். உரை மருந்து கொடுப்பார்கள், வசம்பு சுட்டுத் தேய்ப்பார்கள். மருத்துவமனைக்குப் போனால் பல நேரம் க்ரூப் என்று முடிவாகிவிடுகிறது. வைரஸ் தொற்றால் குரல் நாண்களுக்குக் கீழே வீங்குகிற நோய் அது. சத்தமும் இருமலும் ஏறக்குறைய இதேபோல இருக்கும். க்ரூப்புக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், நெபுலைசரில் அட்ரினலின் வைப்பார்கள். இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. ஹீமாஞ்சியோமாவும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்சம் சுருங்கும். அட்ரினலினுக்கும் ரத்தநாளங்கள் இறுகி, சத்தம் சற்றுக் குறையும். ஆக, வேறொரு நோய்க்குக் கொடுத்த மருந்து கொஞ்சம் வேலை செய்துவிடுகிறது. சத்தம் குறைந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். மருந்தின் வேகம் தீர்ந்ததும் கட்டி பழையபடி வளரும். மறுபடி அதே சத்தம், மறுபடி க்ரூப், மறுபடி ஸ்டீராய்டு.

மருத்துவப் பாடத்தில் இதற்கு ஒரு தெளிவான எச்சரிக்கை இருக்கிறது. க்ரூப் ஆறு மாதத்துக்குக் கீழே அவ்வளவாக வராது. அந்த வயதில் க்ரூப் என்று சொல்லப்பட்டது திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும். பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ‘ஸ்கோப் பார்க்கணுமா டாக்டர்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேள்வி பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

இன்னொரு அடையாளம் தோலில் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தாடி வளரும் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்: காதுக்கு முன்புறம், தாடை, மோவாய், கீழுதடு, கழுத்தின் முன்பக்கம். அங்கே சிவப்பாக ஹீமாஞ்சியோமா பரவியிருந்தால், மூச்சுப் பாதையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். 1997இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தாடிப் பகுதியில் விரிவாகப் பரவியிருந்த குழந்தைகளில் 63 சதவீதம் பேருக்கு மூச்சுப் பாதையிலும் தொந்தரவு இருந்தது. அதனால் இந்த இடத்துச் சிவப்பை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது. சத்தம் வருவதற்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அதே சமயம், மூச்சுப் பாதையில் கட்டி இருக்கிற குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்குத் தோலில் ஒன்றுமே இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோல் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகச் சத்தத்தை விட்டுவிட முடியாது.

உறுதி செய்வது ஸ்கோப் மூலம்தான். மூக்கு வழியாக விடும் வளையும் கேமராவில் குரல் நாண்கள் வரை நன்றாகத் தெரியும், அதற்குக் கீழே சரியாகப் பிடிபடாமல் போகலாம். அதனால் மயக்க மருந்து கொடுத்து, வளையாத கருவியை விட்டுப் பார்ப்பார்கள். வழவழப்பாக, சளிச்சவ்வுக்கு அடியில், தொட்டால் அமுங்குகிற சிவந்த மேடு ஒன்று தெரியும். பெரும்பாலும் இடது பக்கம், பின்புறமாக இருக்கும். பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிடும் என்பதாலும், ரத்தம் பெருகும் அபாயம் இருப்பதாலும், வழக்கமாகச் சதை எடுத்துப் பரிசோதிப்பதில்லை.

இனி சிகிச்சை. ப்ரோப்ரனலாலுக்கு முந்தைய காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இந்த மாத்திரையின் மதிப்பு புரியும். மாதக்கணக்கில் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குழந்தையின் முகம் உப்பும், ரத்த அழுத்தம் ஏறும், வளர்ச்சி நிற்கும், நோய் எதிர்ப்பு குறையும், சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டிவரும். லேசரால் கட்டியைச் சுட்டார்கள்; சுட்ட இடம் தழும்பாகி, மூச்சுப் பாதை நிரந்தரமாகச் சுருங்கிப்போன குழந்தைகளும் உண்டு. கழுத்தைத் திறந்து கட்டியை வெட்டி எடுத்தார்கள். இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அதில் சில குழந்தைகளுக்குக் கால்கள் விறைத்துப்போகும் நரம்புப் பாதிப்பு வந்தது. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கைகொடுக்காவிட்டால் ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. கழுத்துக் குழாயோடு இருக்கும் குழந்தையின் அழுகைக்குச் சத்தம் இருக்காது. குழாயில் சளி அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும், அதனால் வீட்டில் இரவும் பகலும் யாராவது விழித்திருக்க வேண்டும். தானாகவே வற்றிப்போகப் போகிற ஒரு கட்டிக்காகக் குடும்பங்கள் இவ்வளவும் பட்டன.

மாற்றம் பிரான்சின் போர்தோ நகரத்தில் தொடங்கியது. கிறிஸ்டின் லெயோதே-லாப்ரேஸ் என்ற தோல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், மூக்கில் ஹீமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு இதயத் தசை தடித்து ரத்த ஓட்டத்தை மறிக்கும் கோளாறு வந்தது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் ஆரம்பித்தார்கள். மறுநாளே கட்டியின் கடும் சிவப்பு ஊதாவாக மாறி, கட்டி மிருதுவாகியிருந்தது. ஸ்டீராய்டைக் குறைத்தபோதும் அது திரும்ப வளரவில்லை. இரண்டாவது குழந்தைக்கு முகத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டி. கழுத்துக்குள்ளும் பரவி மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. இதயம் அளவுக்கு மீறி வேலை செய்ததால் அதற்கும் அதே மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அந்தக் குழந்தை மூடிக் கிடந்த கண்ணைத் தானே திறந்தது. அதன்பிறகு பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கி மேலும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 11 குழந்தைகளின் கதையையும் 2008 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்குச் சுருக்கமான கடிதமாக எழுதினார்கள்.

எனக்கு அந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்தது, அவர்கள் கவனித்த விதம். வேறு எதற்கோ கொடுத்த மருந்து, வேறு எங்கோ ஒரு நிற மாற்றம். அன்றைய வேலைப் பளுவில் அதைக் கடந்துபோயிருக்கலாம். அவர்கள் நின்று பார்த்தார்கள், அடுத்த குழந்தையிலும் பார்த்தார்கள், எழுதினார்கள்.

அடுத்த ஆண்டே, 2009இல், பாரிஸைச் சேர்ந்த குழந்தைகள் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மூச்சுப் பாதைக் கட்டிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். பிறகு பல நாடுகளிலிருந்தும் அதேபோன்ற செய்திகள் வந்தன. ஓரிரு நாளிலேயே சத்தம் குறையத் தொடங்குகிறது, பல குழந்தைகளுக்கு லேசரும் கத்தியும் தேவைப்படவில்லை. தோல் கட்டிகளுக்காக நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. 460 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். எடையில் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் வாங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. மருந்தில்லாத வெறும் திரவம் வாங்கியவர்களில் 4 சதவீதம்தான். உயிருக்கு ஆபத்தான கட்டி இருந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அது சரியான முடிவு. மூச்சுத் திணறும் குழந்தைக்கு வெறும் திரவத்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க எந்த மனிதராலும் முடியாது. அதனால், மூச்சுப் பாதைக் கட்டிக்கு நாம் நம்புவது அப்படிப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளை விட, ஆயிரம் கைகள் கண்ட அனுபவத்தைத்தான்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக், ஸ்காட்லாந்துக்காரர். நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதற்காக 1960களில் உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசு பெற்றார். ஹீமாஞ்சியோமாவில் இது எப்படி வேலை செய்கிறது என்பதில் முதல் படி எளிது: ரத்தநாளங்கள் இறுகுகின்றன, ஒரே நாளில் நிறம் மாறுவது அதனால். பிறகு, புதிய ரத்தநாளங்களை வளரச் சொல்லும் சமிக்ஞைகள் குறைகின்றன, பெருகிய செல்கள் மடிகின்றன.

சரி, மருந்து கவுண்டருக்கு வருவோம்.

ஒரு நாள் ஓர் இளம் அம்மா சீட்டோடு வந்தாள். கூட அவள் மாமியார், தோளில் குழந்தை. குழந்தையின் மோவாயில் சிவந்த திட்டு. வெளியே வேறொரு இடத்தில் பல வாரம் சளிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, கடைசியில் இங்கே வந்து ஸ்கோப்பில் கட்டி தெரிந்து, வார்டில் மருந்து ஆரம்பித்து, அன்று வீட்டுக்குப் போகிறார்கள். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா முகம் மாறியது.

“அக்கா, இது எங்க அத்தை படபடப்புக்குப் போடுற மாத்திரைதானே? பச்சப்புள்ளைக்கு எப்படிக்கா?”

மாமியாரும் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமாம்மா, இதேதான். எனக்குத் தலை சுத்துதுன்னு டாக்டரு பாதியாக் குறைச்சாரு” என்றார்.

நியாயமான பயம். அதே மாத்திரைதான், ஆனால் அளவு எடையைப் பொறுத்தது என்று சொன்னேன். வார்டில் முதல் வேளை கொடுத்தபோது ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள் இல்லையா, அது இதற்காகத்தான் என்றேன். “ஆமாக்கா, அந்தச் சிஸ்டர் வந்து வந்து பார்த்தாங்க” என்றாள். கொஞ்சம் தெளிந்தது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எங்கள் வேலை. கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, 2 முதல் 3 மில்லிகிராம் வரை படிப்படியாக ஏற்றி, இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். 5 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 2 என்றால் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். இரண்டு வேளை என்றால் ஒரு வேளைக்கு 5. கைக்குழந்தைகளுக்கென்றே தயாரித்த திரவ மருந்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2014இல் அனுமதி கொடுத்தன. என் கவுண்டருக்கு வருவது பெரும்பாலும் மாத்திரைதான். மாத்திரையைக் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை மில்லிகிராம் மாத்திரை, எவ்வளவு தண்ணீர், அதில் எத்தனை மில்லிலிட்டர் என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு வேளை மருந்து. ‘அஞ்சு கொடுங்க’ என்று வாய்மொழியாகச் சொன்னால் அது மில்லிகிராமா மில்லிலிட்டரா என்று வீட்டில் குழம்பும். நான் மூன்றையும் தமிழில் எழுதி, சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் காட்டி, அவர்கள் கையாலேயே ஒரு முறை எடுக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

இன்னொன்று. இதே மருந்தில், பெயருக்குப் பின்னால் எல்ஏ, எஸ்ஆர் என்று எழுத்து போட்ட வகைகள் உண்டு. நாள் முழுக்க மெதுவாகக் கரைவதற்காகச் செய்தவை. அவற்றைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். மாத்திரை தீர்ந்து ஊர்க் கடையில் வாங்கும்போது இது மாறிவிடக் கூடாது. பழைய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கச் சொல்வேன். அப்புறம், குழந்தை எடை ஏற ஏற அளவும் மாறும். மறுபரிசோதனைக்கு வராமல் பழைய அளவையே மாதக்கணக்கில் கொடுத்தால் மருந்து பற்றாமல் போகும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். இந்த மருந்தின் பெரிய அபாயம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போவது. கைக்குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. பால் குடித்து நேரமாகிவிட்டால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து, சேமிப்பை உடைத்து, ரத்தத்துக்கு அனுப்பும். ப்ரோப்ரனலால் அந்த வழியைத் தடுக்கிறது. சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும்கூட அது மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். பிறகு குழந்தை துவண்டுபோகும், கூப்பிட்டால் பார்க்காது, வலிப்பு வரலாம். அதனால் விதி ஒன்றுதான்: பாலோடு அல்லது பால் கொடுத்தவுடன் மருந்து. குழந்தை குடிக்கவில்லை என்றால் அந்த வேளை மருந்து இல்லை. வாந்தி எடுத்தாலும், வயிற்றுப்போக்கு என்றாலும், காய்ச்சலில் பால் வேண்டாம் என்று திருப்பிக்கொண்டாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மருந்தைக் கொடுத்த பிறகு கக்கிவிட்டால், மறுபடி ஒரு வேளை கொடுக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் பசியோடு விடலாம் என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு உண்டு. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பால். நான்கு மாதம் வரை 5 மணி நேரம். அதற்கு மேல் 6 முதல் 8 மணி நேரம். எல்லை அவ்வளவுதான். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. இந்தக் குழந்தையை எழுப்பலாம், எழுப்ப வேண்டும். குலதெய்வக் கோயிலுக்கு மொட்டை போடப் போவதும் இந்த மருந்து நடக்கிற மாதங்களில்தான் வரும். விடியற்காலை வேன், வழியில் தூக்கம், கோயிலில் கூட்டம், பூசை முடிகிறவரை குழந்தைக்கு ஒன்றும் இறங்காது. போக வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. மருந்தும் பாலும் ஒரே பையில் இருக்கட்டும், பால் உள்ளே போன பிறகு மருந்து என்றுதான் சொல்வேன். வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்தச் சொல்லும் பாட்டிகளிடமும் நான் நேரில் பேசிவிடுவேன். அவர்கள் புரிந்துகொண்டால் அந்தக் குழந்தைக்கு அவர்களை விடப் பெரிய காவல் இல்லை. ஸ்கேனுக்கோ ஸ்கோப்புக்கோ வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், இந்த மருந்து நடக்கிறது என்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்தது இழுப்பு. ப்ரோப்ரனலால் நுரையீரலின் சிறு குழாய்களையும் இறுக்கக்கூடியது. சளி பிடித்து நெஞ்சில் விசில் சத்தம் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் மூச்சுக்குழாயை விரிக்க வைக்கும் சால்பியூட்டமால் நெபுலைசரும் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தை இந்த மருந்து பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்க்கும் மருத்துவரிடம் முதல் வாக்கியமே ‘குழந்தைக்கு ப்ரோப்ரனலால் நடக்குது’ என்று இருக்கட்டும். கை கால் சில்லென்று இருப்பது, இரவில் தூக்கம் கெடுவது, மலம் இளகிப் போவது இவையும் வரலாம், பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. தூக்கமும் இழுப்பும் பெரிய தொந்தரவானால், அட்டினலால் என்ற இன்னொரு மருந்துக்கு மாற்றும் மருத்துவர்களும் உண்டு.

முகத்தில் பெரிய பரப்பில் பரவிய ஹீமாஞ்சியோமா என்றால், மருந்து ஆரம்பிக்கும் முன் தலையையும் கழுத்தையும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், இதயத்துக்கு எக்கோ பார்ப்பார்கள். ஃபேஸ் (PHACE) சிண்ட்ரோம் என்று ஒரு நிலை இருக்கிறது; அதில் மூளைக்குப் போகும் ரத்தநாளங்களும் பழுதாக இருக்கலாம். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் அந்தக் குழந்தைக்குப் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. எதற்கு இத்தனை ஸ்கேன் என்று செலவை நினைத்துச் சலிப்பு வரும். இந்த ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம்.

கண்ணில் விடும் டிமோலால் சொட்டு மருந்தைத் தோலில் தடவினால் சிவப்பு மறையும் என்று கேள்விப்பட்டு வந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். மேலோட்டமான சிறிய தோல் கட்டிக்கு அதை மருத்துவர்களே எழுதுவதுண்டு. மோவாயில் தடவுவது தொண்டைக்குள் இருக்கிற கட்டிக்குப் போய்ச் சேராது.

எல்லாக் குழந்தைக்கும் இந்த மருந்து ஒரே மாதிரி கேட்பதில்லை. சிலருக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், சிலருக்கு அறுவை தேவைப்படும், அரிதாகக் கழுத்துக் குழாயும் தேவைப்படும். மூச்சு மிகவும் திணறிக்கொண்டிருக்கும்போது மருந்து வேலை செய்யட்டும் என்று வீட்டில் காத்திருக்க முடியாது. முதல் நாட்கள் மருத்துவமனைக்குள்தான், அதுவும் தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில்தான் கழிய வேண்டும்.

எத்தனை நாள் கொடுப்பது? கட்டியின் வளரும் காலம் முழுவதும் கடந்தாக வேண்டும். அதனால் பொதுவாகக் குறைந்தது ஒரு வயது வரை, மூச்சுப் பாதைக் கட்டிக்குப் பல நேரம் அதற்கு மேலும் சில மாதங்கள். சத்தம் நின்று குழந்தை சிரித்து விளையாட ஆரம்பித்ததும் வீட்டில் மருந்தை நிறுத்திவிட ஆசை வரும். எனக்கு அந்த ஆசை புரிகிறது. நாள் தவறாமல் மாத்திரை கரைத்து, பால் நேரம் பார்த்து, பயந்து பயந்து கொடுத்த அலுப்பு அது. ஆனால் பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும், முன்பு இருந்த அதே இடத்தில், அதே வேகத்தில்கூட வளரலாம். நிறுத்தும் நேரத்தை மருத்துவர் முடிவு செய்து, பல இடங்களில் மறுபடி ஒரு ஸ்கோப் பார்த்துவிட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார்.

குறைக்கும்போதும், நிறுத்திய பிறகு சில மாதங்களும் வீட்டில் மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். திரும்ப வந்தால், ராத்திரி பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினாலும் சரி, டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கோப்பில் எடுத்த படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அன்று பணியில் இருக்கும் மருத்துவர் அந்தக் குழந்தையை முதன்முதலாகப் பார்ப்பார், அவருக்கு அந்தச் சத்தம் க்ரூப் மாதிரிதான் கேட்கும். அந்தப் படத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.